சிறு சபைப் போதகரின் பிழைப்பு: காணிக்கையா, சம்பள வேலையா, சொந்தத் தொழிலா?

தமிழ்நாட்டில் எந்தத் திருமண்டிலத்தையும் (பல சபைகளைச் சேர்த்து நிர்வகிக்கும் அமைப்பு) சாராமல் நடக்கும் சிறு சபைகளின் போதகர்கள், ஊழியத்தைத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டியவர்களாகிறார்கள். சபை தரும் காணிக்கையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவதா, கையிலிருக்கும் வேலையை விடாமல் ஊழியத்தையும் செய்வதா, அல்லது சொந்தமாக ஒரு தொழிலைத் தொடங்கி அதன் வருமானத்தில் ஊழியத்தைத் தாங்குவதா? தென்னிந்தியத் திருச்சபையின் ஆயர்களுக்கு இந்தக் கேள்வி இந்த வடிவில் எழுவதில்லை. அவர்களுக்குத் திருமண்டிலத்தின் சம்பளம் இருக்கிறது. பெந்தெகொஸ்தே மிஷனின் ஊழியர்கள் திருமணம் செய்துகொள்ளாமல் விசுவாச வீடுகள் எனப்படும் ஊழியர் இல்லங்களில் கூட்டாக வாழ்வதால் அவர்களுக்கும் இது எழுவதில்லை. வாடகைக்கு எடுத்த கூடத்தில் நாற்பது ஐம்பது பேரை வைத்து ஆராதனை நடத்திக்கொண்டு, வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் மளிகைக் கணக்கும் எல்லாரையும்போலக் கட்டவேண்டியிருக்கும் போதகரின் கேள்வி இது. அவரையும், அவரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய சபை மூப்பர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இந்த விவாதம் நம் சபைகளில் பெரும்பாலும் விசுவாசத்தின் அளவைப் பற்றிய விவாதமாக மாறிவிடுகிறது. வேலையை ராஜினாமா செய்தவர் முழுமையாய் ஒப்புக்கொடுத்தவர் என்றும், செய்யாதவர் இன்னும் உலகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர் என்றும் ஒரு சாரார் சொல்கிறார்கள். உழைத்துச் சாப்பிடாத ஊழியக்காரர் சபைக்குப் பாரம் என்று மறு சாரார் சொல்கிறார்கள். இரண்டு பேச்சுமே நேர்மையான ஊழியர்களைப் புண்படுத்தியிருக்கின்றன. வழிகளை ஒப்பிட வேண்டுமானால், அந்த வருமானத்தால் போதகரின் நேரம் யார் கைக்குப் போகிறது என்பதையும், பிரசங்க பீடத்தில் நிற்கும்போது அவர் யாருக்குப் பயப்பட நேரிடும் என்பதையும் கேட்பதே பயன் தரும். என் கணிப்புகள் எல்லாம் இந்த இரண்டையும் வைத்தே வந்தவை.

வேதத்தில் இரு தரப்புக்கும் வசனம் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு தங்கிக் கூடாரம் பண்ணும் தொழிலைச் செய்ததாக அப்போஸ்தலர் 18இல் வாசிக்கிறோம். எபேசு சபையின் மூப்பர்களிடம் விடைபெறும்போது, தன் தேவைகளுக்கும் தன்னோடிருந்தவர்களின் தேவைகளுக்கும் இந்தக் கைகளே வேலை செய்தன என்று அவர் சொல்கிறார். ஆனால் அதே பவுல்தான் 1 கொரிந்தியர் 9ஆம் அதிகாரத்தில், சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தினாலே பிழைப்பு உண்டாகவேண்டும் என்பது கர்த்தருடைய கட்டளை என்று வாதாடுகிறார். அந்த உரிமையை நிலைநாட்டிய பிறகு, தான் அதை உபயோகிக்கவில்லை என்கிறார். மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர்கள் தன் குறைவைத் தீர்த்ததை 2 கொரிந்தியர் 11இல் மறைக்காமல் எழுதுகிறார். தெசலோனிக்கேயில் இருந்தபோது பிலிப்பி சபையார் அனுப்பிய உதவியையும் பெற்றுக்கொண்டிருக்கிறார். அதாவது, இடத்துக்கும் சபையின் நிலைக்கும் ஏற்ப அவர் வழியை மாற்றிக்கொண்டார். யாரிடம் வாங்கினால் சுவிசேஷத்துக்குத் தடை வரும் என்று நினைத்தாரோ அவர்களிடம் வாங்கவில்லை. வாங்கினால் தடை வராது என்று கண்ட இடத்தில் நன்றியோடு வாங்கினார். ஆகவே வேலை செய்வதையோ செய்யாமலிருப்பதையோ எல்லாருக்குமான சட்டமாக்க அவருடைய வாழ்க்கை இடம் தரவில்லை.

காணிக்கையை மட்டும் நம்பும் முழுநேர ஊழியத்தின் பெரிய பலன் நேரம். மருத்துவமனையிலிருந்து இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் போகலாம். வார நாளில் நடக்கும் அடக்க ஆராதனைக்கு யாரிடமும் விடுப்புக் கேட்க வேண்டாம். பிரசங்கத்துக்கு ஆயத்தப்பட முழு முற்பகல்கள் கிடைக்கும். சபை வளர்ந்து, திருமணங்களும் குடும்பச் சண்டைகளும் நோய்களும் பெருகும்போது இந்த நேரத்துக்கு மாற்றே இல்லை. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். பத்துக் குடும்பங்கள் உண்மையாகவே தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுத்தால், அந்தக் குடும்பங்களின் சராசரி வருமானத்துக்குச் சமமான தொகை சேரும். ஒரு குடும்பத்துக்கு மாதம் 18,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொண்டால் சேர்வதும் 18,000தான். கூடத்து வாடகை, மின்கட்டணம், ஒலிபெருக்கிச் செலவு, ஏழை விசுவாசிகளுக்குச் செய்யும் உதவி எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். அதற்கு 8,000 ஒதுக்கினால் போதகர் வீட்டுக்கு 10,000 மிஞ்சும். எல்லாக் குடும்பங்களும் முழுத் தசமபாகம் கொடுப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். மூன்றில் ஒரு பங்கினர் கொடுத்தாலும் முப்பது குடும்பங்கள் இருந்தால்தான் மேற்சொன்ன கணக்கே தேறும். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் உள்ள சபையில் ஒருவர் முழுநேரமாக வந்துவிட்டால், குறைவைச் சுமப்பவர்கள் அவருடைய மனைவியும் பிள்ளைகளும்தான்.

இந்த வழியின் உள்ளான ஆபத்து வேறு. சிறு சபையில் மொத்தக் காணிக்கையில் பாதியை ஓரிரு வசதியுள்ள குடும்பங்கள் கொடுப்பதுண்டு. அந்த வீட்டு மகனின் திருமணத்தில் வரதட்சணை கைமாறும்போது போதகர் என்ன பேசுவார்? அந்த வீட்டுக்காரர் சபைக் கூட்டத்தில் ஏழை விசுவாசி ஒருவரை அவமதித்தால் எப்படிக் கண்டிப்பார்? கண்டித்தவர்களும் உண்டு, அதற்கு அடுத்த மாதம் வாடகை கட்ட முடியாமல் தவித்தவர்களும் உண்டு. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து ஆலயங்கள் மாதக்கணக்கில் மூடப்பட்டபோது, ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கைப் பையை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டைச் சபையார் பலர் பிறகே அறிந்தார்கள். நெகேமியா 13இல், ஆலயப் பணி செய்த லேவியருக்குரிய பங்கு கொடுக்கப்படாததால் அவர்கள் ஆலய வேலையை விட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனதாக எழுதியிருக்கிறது. நெகேமியா கடிந்துகொண்டது அவர்களை அல்ல, பங்கைக் கொடுக்கத் தவறிய தலைவர்களை. வேலைக்குப் போகும் போதகரைக் குறை சொல்லும் சபைகள் அந்தப் பகுதியை மறுபடியும் வாசிப்பது நல்லது.

சம்பள வேலையை வைத்துக்கொண்டு ஊழியம் செய்பவருக்கு மாத வருமானம் உறுதி. பதிவு பெற்ற நிறுவனமாக இருந்தால் வருங்கால வைப்பு நிதி உண்டு. சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியும் கிடைக்கக்கூடும். அவர் யாருடைய காணிக்கையையும் எண்ணிப் பார்க்காமல் பிரசங்கிக்கலாம். விசுவாசிகள் வாரம் முழுவதும் படும் பாட்டை, மேலாளரின் ஏச்சை, ஷிப்ட் மாற்றத்தை, மாதக் கடைசியின் இறுக்கத்தை அவரும் படுவதால் அவருடைய பேச்சு அவர்களைத் தொடும். புதிதாகத் தொடங்கும் சபைக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பது என் எண்ணம். ஆயினும் எந்த வேலை என்பது முக்கியம். ஞாயிறு விடுமுறை இல்லாத விற்பனைக் கடை, சுழற்சி முறையில் இரவுப் பணி வரும் ஆலை, மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊர் மாற்றும் வங்கி ஆகியவை ஊழியத்தோடு ஒத்துப்போவது கடினம். பள்ளி ஆசிரியர், அலுவலக எழுத்தர், மருந்தாளுநர் போன்று நேரம் வரையறுக்கப்பட்ட வேலைகள் ஒத்துப்போகும்.

அரசு ஊழியராக இருப்பவர் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் முன் அனுமதியின்றி வேறு தொழிலோ வேலையோ செய்வதைத் தடுக்கின்றன. தமிழ்நாடு அரசுப் பணியாளர்களுக்கு 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் உள்ளன. ஊதியம் பெறாமல் செய்யும் சமூக, தருமப் பணிகளுக்கு மத்திய விதிகளில் இடம் உண்டு. சபையிலிருந்து மாதாமாதம் பணம் பெறுவது வேறு விஷயம். ஆகவே அரசு வேலையில் இருக்கும் போதகர் சபையிலிருந்து ஊதியம் எதுவும் பெறாமல் இருப்பதும், துறைக்கு எழுத்து மூலம் தெரிவித்து அனுமதி கேட்பதும்தான் பாதுகாப்பு. சபையில் மனக்கசப்பு வரும்போது முதல் மொட்டைக் கடிதம் அலுவலகத்துக்குத்தான் போகிறது.

வேலையும் ஊழியமும் ஒன்றாக நடக்குமா என்று கேட்பவர்களுக்கு, இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரியின் வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்த எல்லா வழிகளையும் அவர் ஒருவரே கடந்து வந்தார். இங்கிலாந்தின் மோல்டன் கிராமத்தில் சிறு பாப்திஸ்து சபையின் போதகராக இருந்தபோது, சபை கொடுத்தது போதாமல் பள்ளிக்கூடமும் நடத்தினார், காலணியும் தைத்தார். அவருக்குத் தையல் வேலை கொடுத்துவந்த வணிகர் ஒருவர், நீர் காலணி தைக்க வேண்டாம், படியும் என்று சொல்லி வாரம் பத்து ஷில்லிங் கொடுத்ததாக அவருடைய வரலாற்றில் படிக்கிறோம். 1793 நவம்பரில் வங்காளம் வந்து இறங்கியவர், கையிருப்பு தீர்ந்து குடும்பத்தோடு தவித்த பிறகு, 1794இல் வடக்கு வங்காளத்தின் முட்னாபட்டியில் அவுரிச் சாய ஆலையின் மேலாளரானார். சம்பளம் மாதம் 200 ரூபாய். அவுரிப் பருவம் ஆண்டில் சில மாதங்களே இருந்ததால், மீதி மாதங்களில் கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசங்கித்தார், மொழி படித்தார், புதிய ஏற்பாட்டை வங்காளியில் மொழிபெயர்த்தார். மிஷனரிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பாத அந்த நாட்களில், அவுரி ஆலை மேலாளர் என்ற பெயரே அவர் அங்கே தங்குவதற்கு வழியானது.

அவரை அனுப்பிய சங்கத்தார் இதைக் கேள்விப்பட்டு, வியாபாரத்தில் அமிழ்ந்துபோகாதிரும் என்று எச்சரித்து எழுதினார்கள். கேரி மனம் நொந்து, தன் குடும்பத்தின் எளிய தேவை போக மிஞ்சியதெல்லாம் ஊழியத்துக்கே போகிறது என்று பதில் எழுதினார். நியாயம் அவர் பக்கமே இருந்தது. ஆனால் வெள்ளத்தில் பயிர் அழிந்து ஆலை நட்டத்தில் மூழ்கியபோது அந்த வழியின் பலவீனமும் வெளிப்பட்டது. 1799இல் ஆலை மூடும் நிலைக்கு வந்தது. 1800 ஜனவரியில் டேனியர் வசமிருந்த கல்கத்தா அருகேயுள்ள செராம்பூருக்குப் போய், சக மிஷனரிகளான மார்ஷ்மனோடும் வார்டோடும் சேர்ந்து பொதுப் பணப்பை ஒன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள். மார்ஷ்மன் தம்பதியின் உறைவிடப் பள்ளி வருமானமும், அச்சகத்தின் வருமானமும், வில்லியம் கோட்டைக் கல்லூரியில் 1801 முதல் கேரி பெற்ற மாதம் 500 ரூபாய்ச் சம்பளமும், அது பிற்பாடு 1,000 ஆனபோது அதுவும், அந்தப் பொதுப் பையிலேயே விழுந்தன. தனிப்பட்ட வியாபாரம் யாரும் செய்யக்கூடாது என்பது அவர்களுக்குள் இருந்த விதி. இவ்வளவு நேர்த்தியாக இருந்தும், அவர்கள் உழைத்து வாங்கிய செராம்பூர்ச் சொத்து யாருக்குரியது என்பதில் இங்கிலாந்திலிருந்த சங்கத்தோடு தகராறு முற்றி, 1827இல் இரு தரப்பும் பிரிந்தன. ஊழியக்காரர் தாமே சம்பாதித்து ஊழியத்தில் போட்ட பணம், காலப்போக்கில் யாருடைய பணம் என்ற கேள்வி நம் ஊர்ச் சபைகளிலும் இதே கசப்போடு எழுகிறது. போதகர் தன் பெயரில் வாங்கிய மனையில் சபையார் காணிக்கையால் கூரை போட்ட ஆலயங்கள் எத்தனை வழக்குகளில் சிக்கியிருக்கின்றன என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள் அறிவார்கள்.

சொந்தத் தொழிலைப் பற்றிப் பேசும்போது கைத்தொழிலையும் வியாபாரத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தையல், மின்வேலை, குழாய் வேலை, டியூஷன், மாடு வளர்ப்பு, அச்சு வேலை போன்றவற்றில் உழைத்த அளவுக்குக் கூலி வருகிறது, முதலீடு குறைவு, தேவைப்பட்டால் ஒரு நாள் கடையை அடைக்கலாம். இதிலும் பருவ நெருக்கடி உண்டு. தையற்கடை வைத்திருந்த ஒரு போதகரை நான் அறிவேன். மே மாதக் கடைசியில் பள்ளிச் சீருடைகள் குவிந்துவிடும். சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குத் தையல் இயந்திரத்தின் பலகையில் ஒரு பக்கம் வெட்டிய நீலத் துணியும் மறுபக்கம் விரித்த வேதாகமமுமாக, காஜா எடுக்கும் பையனுக்கு வேலை சொல்லிக்கொண்டே மறுநாள் பிரசங்கத்துக்குக் குறிப்பெழுதிக்கொண்டிருப்பார். அந்த மாதத்தில் மட்டும் மூப்பர்கள் இருவர் மாறி மாறிச் செய்தி கொடுக்கும்படி அந்தச் சபை பிறகு ஏற்பாடு செய்தது. எளிய ஏற்பாடுதான், ஆனால் போதகர் வேலை செய்வதைச் சபை வெட்கமில்லாமல் ஏற்றுக்கொண்டதால்தான் அது முடிந்தது.

வியாபாரம் அப்படியல்ல. கடன் வாங்கிச் சரக்கு போடுவது, ஆள் வைப்பது, வசூலுக்கு அலைவது என்று அது மனிதரை முழுவதும் கேட்கும். வியாபாரத்தில் தேர்ந்தவராக இருந்து, நம்பகமான பங்காளியோ மேலாளரோ இருந்தால் நடத்தலாம். ஊழியச் செலவுக்காகப் புதிதாக வியாபாரம் கற்றுக்கொள்வது கூடாது என்பேன். அதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: விசுவாசிகளையே வாடிக்கையாளராக்கும் தொழிலைப் போதகர் தொடவே கூடாது. ஆள் சேர்த்துக் கமிஷன் பெறும் சங்கிலித் தொடர் விற்பனை, மனை விற்பனை, ஏலச்சீட்டு, காப்பீட்டு ஏஜென்சி ஆகியவை ஊழியக்காரர்களைத் தேடி வருவதற்குக் காரணம், சபையார் அவர்கள் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை அந்த நிறுவனங்களுக்குத் தேவைப்படுவதுதான். ஜெபித்துவிட்டு எழும்போது ‘பாஸ்டர் ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்று கையெழுத்துப் போடும் விதவைத் தாயிடம் வாங்கும் சந்தா சாதாரண வியாபாரப் பணம் அல்ல. பதிவு செய்யாத சீட்டு நடத்துவது 1982ஆம் ஆண்டுச் சிட்பண்டுகள் சட்டப்படி குற்றமும் ஆகும். சீட்டு உடைந்தால் சபையும் உடையும்.

பல வீடுகளில் இந்தக் கேள்விக்கு நடைமுறையில் கிடைத்திருக்கும் விடை போதகரின் மனைவியின் சம்பளம்தான். பாஸ்டரம்மா செவிலியராகவோ ஆசிரியையாகவோ வேலைக்குப் போகிறார். போதகர் முழுநேர ஊழியர் என்று அறியப்படுகிறார். இது நல்ல வழியாக இருக்க முடியும். கணவருக்கு நேரமும் கிடைக்கிறது, வீட்டுக்கு வருமானமும் கிடைக்கிறது. ஆனால் அதே பெண்ணிடம் ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம், வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு, வீடு சந்திப்பு ஆகியவற்றையும் சபை எதிர்பார்க்கிறது. முழுநேர வேலையும் முழுநேர ஊழியமும் உண்மையில் அவர்தான் செய்கிறார். இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால், அவருடைய சபைப் பொறுப்புகளை வெளிப்படையாகக் குறைக்க வேண்டும். சபை காணிக்கையால் அல்ல, அவருடைய உழைப்பால் நடக்கிறது என்பதை ஆண்டுக் கூட்டத்தில் பெயர் சொல்லி அறிவிக்கவும் வேண்டும்.

வெளிநாட்டு ஆதரவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இப்போதுள்ள அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010இல் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற அமைப்பு ஒன்று தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை மற்றொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. பணம் முதலில் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. சிறு சபையின் போதகர் வெளிநாட்டுச் சபை ஒன்றிடமிருந்து ஊழியத்துக்கென்று தன் சொந்தக் கணக்கில் பணம் பெறுவது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். சட்டம் இடம் கொடுத்தாலும், தன் சபையார் ஒருபோதும் பார்க்காத கொடையாளிக்கு அறிக்கையும் புகைப்படமும் அனுப்பிப் பிழைப்பதை நான் விரும்பமாட்டேன். உள்ளூர்ச் சபை கொடுக்கக் கற்றுக்கொள்ளாமலே போய்விடும். திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற தமிழ் ஊழியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மிஷன் சம்பளத்தைச் சாராமல் ஊழியம் செய்து, கிறிஸ்டியான்பேட்டை என்ற குடியிருப்பை உருவாக்கிக் காட்டியிருக்கிறார்.

ஆகவே என் கணிப்பு இது. இருபது குடும்பங்களுக்குக் குறைவான சபையில் போதகர் நேரம் வரையறுக்கப்பட்ட சம்பள வேலையிலோ, தெரிந்த கைத்தொழிலிலோ இருப்பதே முதல் தெரிவு. இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் அவர் வேலை நாட்களைக் குறைத்துக்கொண்டு, பாதி ஆதரவைச் சபையிடமிருந்து பெறலாம். டியூஷன், தையல், கணக்கெழுதும் வேலை போன்றவை இந்தக் கட்டத்துக்கு ஏற்றவை. அதற்கு மேல் சபை வளர்ந்தும் போதகரை வேலைக்கு அனுப்பிக்கொண்டிருப்பது சிக்கனம் அல்ல, கடமை தவறுதல். ‘வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான்’ என்ற வசனம் அந்தச் சபைக்குச் சொல்லப்பட்டது. ஊரின் வாடகையும் சபையாரின் வருமானமும் மாறும்போது இந்த எண்களும் மாறும். போதகர் எந்த வழியில் இருந்தாலும் அவருடைய கணக்கும் சபையின் கணக்கும் வெவ்வேறு வங்கிக் கணக்குகளில் இருக்க வேண்டும். சபை அறக்கட்டளையாகப் பதிவாகியிருந்தால், பொறுப்பாளருக்கு நியாயமான ஊதியம் கொடுப்பதை வருமான வரிச் சட்டம் தடுக்கவில்லை. அறக்கட்டளைப் பணம் வேறு வகையில் அவருடைய சொந்த நலனுக்குப் போனால்தான் வரிவிலக்குக்கு ஆபத்து. எனவே ‘தேவைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா’ என்ற அன்பான ஏற்பாட்டைவிட, எழுதி வைத்த சிறிய சம்பளம் போதகருக்கும் சபைக்கும் மதிப்பு.

வேலையை விடுவதென்று முடிவானால் அதைத் தேதி குறித்துச் செய்வதைவிடச் சோதித்துச் செய்வது நல்லது. சபை எவ்வளவு மாதச் சம்பளம் தரப்போவதாகச் சொல்கிறதோ, அந்தத் தொகையை, போதகர் இன்னும் வேலையில் இருக்கும்போதே, ஓராண்டு முழுவதும் மாதந்தோறும் ஒரு தனி வைப்புக் கணக்கில் மூப்பர்கள் செலுத்தி வர வேண்டும். மழைக்காலத்தில் வேலையில்லாத மாதமும், பள்ளி திறக்கும் மாதமும், பண்டிகைச் செலவு மாதமும் அந்த ஓராண்டுக்குள் வந்துவிடும். பன்னிரண்டு மாதமும் தவறாமல் கட்ட முடிந்தால் அவர் ராஜினாமாக் கடிதம் கொடுக்கலாம். நடுவில் மூன்று மாதம் தவறினால் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். யார் மேலும் பழி சொல்ல வேண்டியதில்லை. சேர்ந்த பணத்தை யாரும் தொடாமல் வைத்திருந்தால், அவர் வேலையை விட்ட பிறகு நோயோ ஊரடங்கோ வந்தாலும், அவருடைய குடும்பம் ஓராண்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்காது.